நல்ல தண்ணீருக்கு அடியில்: நீரியல் விரிசலும் தமிழகக் கடலோரமும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு இருக்கின்றன. 2013ல் தொடங்கியது நாளுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது 15 கோடி லிட்டர் தரும். பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு ஆலைக்கான வேலையும் நடக்கிறது. ஏரியும் ஆற்று மணலும் கிணறும் தந்த தண்ணீர் போதாமல் போன சென்னைப் பெருநகரம், பெரும் செலவில் உப்பைப் பிரித்துத் தண்ணீர் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இதே கடலோரத்தின் தெற்கே, காவிரிப் படுகையில், பதினைந்து ஆண்டுகளாக வேறொரு கேள்வி எரிந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீருக்கு அடியில் கிடக்கும் எரிவாயுவை எடுக்கலாமா? அதற்காகப் பாறையைப் பிளக்கும் நீரியல் விரிசல் முறை நிலத்தடி நீரை என்ன செய்யும்? மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் என்று பெயர் மாறி மாறி வந்தாலும், மன்னார்குடியிலும் நெடுவாசலிலும் மக்கள் கேட்டது இதைத்தான்.

உலக அனுபவத்தையும் நம் மண்ணின் அமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. ஆழத்தில் விழும் விரிசலைவிட, கிணற்றின் சுவரும் வெளியே வரும் கழிவுநீரும்தான் தண்ணீரை அதிகம் கெடுத்திருக்கின்றன. உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கும் நம் கடலோர நல்ல தண்ணீருக்கு அந்த இரண்டையும் தாங்கும் வலு இல்லை. ஆகவே, தண்ணீர் கெடாது என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தோண்டுபவரின் தலையில் வைத்தாக வேண்டும்.

பாறையைப் பிளப்பது எப்படி?

பாறைக்குள் தண்ணீரை அழுத்தி வெடிப்பைத் திறக்கும் வேலை, மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதிதல்ல. இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். இங்கே போர் போட்டால் பாறை வெடிப்புகளில் ஓடும் தண்ணீர்தான் கிடைக்கும். வெடிப்பு அடைத்துக்கொண்டால் ஊற்று குறைந்துவிடும். இப்படிச் சோர்ந்துபோன குடிநீர்ப் போர்களுக்கு உயிர் கொடுக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஹைட்ரோ ஃபிராக்சரிங் வண்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறது. கைப்பம்பைக் கழற்றி, குழிக்குள் ரப்பர் அடைப்பானை இறக்கி, அதற்குக் கீழே தண்ணீரை அழுத்தி ஏற்றுவார்கள். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும். வெடிப்பு திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். செலுத்துவது வெறும் தண்ணீர், ஆழம் சில பத்து மீட்டர், நோக்கம் ஊருக்குக் குடிநீர்.

எரிவாயுவுக்காகச் செய்வது அளவிலும் ஆழத்திலும் உள்ளே செலுத்தும் பொருளிலும் வேறானது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1947ல் சோதிக்கப்பட்டு, 1949ல் வணிக நடைமுறைக்கு வந்த முறை இது. கிடைமட்டத் துளையிடுதலோடு சேர்ந்த பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருந்தொழிலாக வளர்ந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலுள்ள ஷேல் என்னும் களிப்பாறைக்குள் துளை நேராக இறங்கி, பிறகு படுக்கைவாட்டில் திரும்பி நெடுந்தூரம் போகிறது. அதற்குள் தண்ணீர், மணல், ரசாயனக் கலவை ஆகியவற்றைப் பேரழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பாறை பிளக்கிறது, பிளவு மூடிவிடாமல் மணல் தாங்கிக்கொள்கிறது, வாயு வெளியேறுகிறது. கலவையில் பெரும்பங்கு தண்ணீர்தான், ரசாயனம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. ஆனால் லட்சக்கணக்கான லிட்டரில் ஒரு சதவீதம் என்பது பல்லாயிரம் லிட்டர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005 முதல் 2013 வரை இப்படிப் பயன்படுத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களை அடையாளம் கண்டது.

நம் விவாதங்களில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது, மரபான எண்ணெய் எரிவாயுக் கிணறு. ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகையில் 1960களிலிருந்தே துளையிட்டுவருகிறது. நரிமணமும் குத்தாலமும் அப்படி அறியப்பட்ட ஊர்கள். இரண்டாவது, நிலக்கரிப் படுகை மீத்தேன். நிலக்கரி அடுக்கிலுள்ள தண்ணீரை இறைத்து வெளியேற்றினால்தான் அழுத்தம் குறைந்து வாயு பிரியும். மூன்றாவது, ஷேல் வாயு. இதற்குத் தண்ணீரை உள்ளே செலுத்த வேண்டும். ஒன்று நீரை இறைக்கிறது, மற்றொன்று நீரைத் திணிக்கிறது. இரண்டின் ஆபத்தும் வேறுவேறு. ஆனால் இரண்டுமே நல்ல தண்ணீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போயாக வேண்டும்.

அமெரிக்கா கற்றுத் தந்தது

நீரியல் விரிசலால் தண்ணீர் கெடுமா என்பதற்கு உலகில் அதிக விலை கொடுத்துப் பாடம் கற்ற நாடு அமெரிக்கா. 2005ன் எரிசக்திக் கொள்கைச் சட்டம், டீசல் கலந்த திரவங்களைத் தவிர, நீரியல் விரிசலைப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவிட்டது. தொழில் முதலில் ஓடியது, ஆய்வு பின்னால் வந்தது.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 ஜூனில் வெளியிட்ட வரைவறிக்கை, குடிநீருக்குப் பரவலான பாதிப்பு ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்றது. அந்த முடிவுக்குத் தரவு போதாது என்று அறிவியல் ஆலோசனைக் குழு கேள்வி எழுப்பியது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படும் என்று சொல்லி, அந்தச் சூழல்களை அது பட்டியலிட்டது: தண்ணீர் குறைவான இடத்திலும் காலத்திலும் இறைப்பது, ரசாயனமும் கழிவுநீரும் தரையில் சிந்துவது, சுவர் பலவீனமான கிணற்றில் அழுத்தம் கொடுப்பது, நிலத்தடி நீர் அடுக்கிலேயே நேரடியாகச் செலுத்துவது, சரியாகச் சுத்திகரிக்காத கழிவை ஆற்றில் விடுவது, அடித்தளம் பூசாத குழிகளில் கழிவைத் தேக்குவது.

இவற்றில் கிணற்றின் சுவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 2011ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பென்சில்வேனியாவின் வடகிழக்கில் குடிநீர்க் கிணறுகளைச் சோதித்தார்கள். வாயுத் துரப்பணம் நடக்கும் பகுதிக் கிணறுகளில் மீத்தேன் அளவு மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 17 மடங்கு இருந்தது. விரிசல் திரவம் மேலே ஏறிவந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 2014ல் மந்த வாயுக்களை அடையாளமாக வைத்து நடந்த தொடர் ஆய்வு காரணத்தைக் காட்டியது. ஆய்வு செய்த இடங்களில் மீத்தேன் கசிந்தது பழுதான கேசிங் குழாய் வழியாகவும், குழாயைச் சுற்றிச் சரியாகப் பிடிக்காத சிமென்ட் வழியாகவும். வீட்டில் போர் போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மேல்மண் வரை இறக்கிய கேசிங் சரியாக உட்காராவிட்டால் மேலுள்ள அழுக்குத் தண்ணீர் போருக்குள் இறங்கிவிடும். வாயுக் கிணற்றில் இதுவே தலைகீழாக நடக்கிறது: கீழே இருப்பது மேலே ஏறுகிறது.

அதே பென்சில்வேனியாவின் டிமாக் என்ற சிற்றூரில் 2009 புத்தாண்டு நாளில் ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு மீத்தேன் சேர்ந்து வெடித்தது. 2022ல்தான் அங்கே வாயு எடுத்த நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குப் புதிய குடிநீர்க் குழாய்த் திட்டத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். துளையிடுவதற்கு முன்பே தண்ணீரில் மீத்தேன் இருந்ததா என்ற சர்ச்சையில் பெரும்பகுதிக் காலம் கரைந்தது. முந்தைய நிலையைக் காட்டும் முறையான பரிசோதனை இல்லாத ஊர், நியாயம் கேட்கும்போது வெறுங்கையோடு நிற்கும்.

ஆழமும் முக்கியம். வயோமிங் மாநிலத்தின் பவில்லியனில் வாயு அடுக்கு மேலாக இருந்ததால் சுமார் 320 மீட்டர் ஆழத்திலேயே விரிசல் செய்தார்கள். அங்கே நிலத்தடி நீர் பாதிக்கப்பட்டிருப்பதாக 2016ல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்து விரிசல் குடிநீர் அடுக்கை எட்டாது என்ற வாதம் பெரும்பாலும் சரி. முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

கடைசியாக, கழிவுநீர். உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு, பாறையின் பழைய உப்புநீரோடு கலந்து திரும்பி வருகிறது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கதிரியக்க ரேடியம் எல்லாம் அதில் உண்டு. பென்சில்வேனியாவுக்கு அடியில் பரவியிருக்கும் மார்சிலஸ் ஷேல் பகுதியின் கழிவுநீரில் உப்பு, கடல்நீரைவிடப் பல மடங்கு இருக்கும். பென்சில்வேனியா அதை முதலில் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பியது. உப்பைப் பிரிக்கும் திறன் அவற்றுக்கு இல்லாததால் 2011ல் நிறுத்தச் சொன்னது. ஒக்லஹோமா ஆழ்கிணறுகளில் கழிவுநீரைத் திணித்தது. 2016 செப்டம்பரில் 5.8 ரிக்டர் அளவில் நிலம் குலுங்கியது. கொலராடோவில் 2013 செப்டம்பர் வெள்ளம் எண்ணெய்த் தொட்டிகளைச் சாய்த்துவிட்டது. எந்த வழியில் போனாலும் கழிவுநீரின் கணக்கு தீரவில்லை. பிரான்ஸ் 2011ல் இம்முறையைத் தடைசெய்தது, நியூயார்க் மாநிலம் 2014ல் தடையை அறிவித்தது, இங்கிலாந்து 2019ல் நிறுத்திவைத்தது. இவற்றின் பின்னால் இந்தத் தீராத கணக்குக்கும் பங்கு உண்டு.

உப்பின் மேல் நிற்கும் தண்ணீர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மாமல்லபுரத்தில் ரதங்களைக் குடைந்த கடினப் பாறையில் ஷேல் வாயு கிடையாது. அதைத் தேடி யாரும் இங்கே வரப்போவதில்லை. ஆனால் கடலோரத் தண்ணீர் எவ்வளவு நொய்மையானது என்பதை இந்தக் கரையில்தான் கண்ணெதிரே பார்க்கலாம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் மேட்டில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழை மணலில் இறங்கி, அடர்த்தியான உப்புநீரின் மேல் அடுக்காகத் தங்கியிருப்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக வகுத்த விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளிவைத்திருக்கும். மோட்டார் போட்டு மேலே அரை மீட்டர் இறைத்துவிட்டால் கீழே 20 மீட்டர் உப்பு ஏற வழி பிறக்கிறது. முதலில் டீயில் கரிக்கும், பிறகு சோறு வேகாது, கடைசியில் தென்னை காயும்.

இந்த அபாயத்தை அரசு அறியாமலில்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987லேயே வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பல கிராமங்களும் அதில் அடங்கின. கல்பாக்கம் அருகே வாயலூரில் பாலாற்றின் குறுக்கே தடுப்பணை எழுந்ததற்கு, நன்னீரைத் தேக்கிக் கடல் உட்புகுவதைத் தடுப்பதும் ஒரு காரணம்.

காவிரி டெல்டா இதே நிலைமையின் பெரிய வடிவம். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை நிலம் கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்தது. ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய உப்பு உள்ளே வருகிறது. இறால் பண்ணைகள் அதை இன்னும் மோசமாக்கின. 1996ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் அளவுக்குப் போனது. இப்படி ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மண்ணில், மன்னார்குடி மீத்தேன் திட்டம் சுமார் 500 அடி முதல் 1,650 அடி வரையிலான நிலக்கரி அடுக்குகளைக் குறிவைத்தது. அதாவது 150 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரை. டெல்டாவின் ஆழ்குழாய்க் கிணறுகளே சில நூறு அடி போகின்றன. பவில்லியனின் 320 மீட்டரை இங்கே நினைவில் கொள்ளுங்கள். வாயுவுக்கும் குடிநீருக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் பாறை காவல் நிற்கும் என்ற ஆறுதல் இந்தத் திட்டத்துக்குச் சொல்ல முடியாதது.

மீத்தேனுக்காக நிலக்கரி அடுக்கின் தண்ணீரை இறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்றாக நெய்வேலி அருகிலேயே இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரடுக்கின் மேல்நோக்கிய அழுத்தத்தைக் குறைக்க, சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. டெல்டாவில் அப்படி இறைத்தால் வெற்றிடத்தை நிரப்ப வரக்கூடியது கடல்.

தண்ணீர்த் தேவை பற்றிய கணக்கை மிகைப்படுத்தாமல் சொல்வது நல்லது. அமெரிக்காவில் 2011 முதல் 2013 தொடக்கம் வரை ஒரு கிணற்றுக்கு ஆன தண்ணீரின் இடைநிலை அளவு சுமார் 57 லட்சம் லிட்டர். பின்னர் வந்த நீளமான கிணறுகளுக்கு இது பல மடங்கு கூடியது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர். ஆக, ஒரு கிணறு ஓர் ஏக்கர் குறுவையின் தண்ணீரைக் குடிக்கிறது. இந்த அளவு மட்டும் டெல்டாவை வற்றவைக்காது. ஆனால் வயலில் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி மீண்டும் கிணற்றுக்கு வரும். பாறைக்குள் போனதோ பெரும்பகுதி திரும்பாது. திரும்புவது கழிவாகத்தான் வரும். மேட்டூர் திறக்கத் தாமதமாகும் ஆண்டில், கடைமடையில் அந்தத் தண்ணீரை யாரிடமிருந்து எடுப்பது?

கழிவுநீரைத் தேக்கும் குழிகளுக்கும் நம் வானிலை ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகும் நிலம் இது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். அப்படி ஓர் இரவில் திறந்த கழிவுக்குழி எதுவும் அதனிடத்தில் நிற்காது.

போராட்டமும் சட்டமும்

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் மீத்தேன் எடுத்துவந்த கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன், மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டருக்கு 2010 ஜூலையில் மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2011 ஜனவரியில் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊர் ஊராகப் போய் இதன் ஆபத்தைச் சொன்ன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2013ல் வேலையை நிறுத்திவைத்து மாநில அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை வந்த பிறகு, 2015 அக்டோபரில் திட்டத்துக்கு அனுமதியில்லை என்று அறிவிக்கப்பட்டது.

2017 பிப்ரவரியில், கண்டறியப்பட்ட சிறு வயல்கள் திட்டத்தின் கீழ் நெடுவாசலுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், புதுக்கோட்டை மாவட்டம் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. குழாயும் சுவரும் பழுதாகும் என்பதை டெல்டா மக்கள் தங்கள் நிலத்திலேயே பார்த்தார்கள்.

மத்திய அரசின் கொள்கை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 2013ல் ஷேல் வாயுவைத் தேடப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும், 2018ல் மற்ற ஒப்பந்ததாரர்களுக்கும் வழி திறந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 ஜனவரி 16 அறிவிக்கை எண்ணெய் எரிவாயு ஆய்வுத் துளைகளைச் சுற்றுச்சூழல் அனுமதியின் பி-2 பிரிவுக்கு மாற்றியது. அத்தோடு மக்கள் கருத்துக் கேட்பு அவற்றுக்கு அவசியமில்லாமல் போயிற்று.

அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு உட்பட எண்ணெய் எரிவாயுவுக்கான புதிய ஆய்வையும் துரப்பணத்தையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வளவு தெளிவாகச் சட்டம் எழுதியது பெருமைக்குரியது. அது வயலில் இறங்கிப் போராடியவர்கள் வாங்கித் தந்தது.

ஆனால் ஓட்டைகள் உண்டு. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களை மட்டும் சேர்த்தார்கள். சட்டத்துக்கு முந்தைய அரசு அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் சட்டத்தில் இடம்பெறவில்லை. காவிரிப் படுகையின் முக்கியமான ஷேல் அடுக்குகளில் ஒன்று ஆண்டிமடம் அடுக்கு. அதற்குப் பெயர் தந்த ஊர் இருப்பதோ அரியலூர் மாவட்டத்தில். ராமநாதபுரமும் வெளியே இருந்ததால்தான், 2025 மார்ச்சில் அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தால் அனுமதி தர முடிந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. செங்கல்பட்டு உட்பட மற்றக் கடலோர மாவட்டங்களுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. 2003ல் இயற்றிய மாநில நிலத்தடி நீர்ச் சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவராமலே 2013ல் நீக்கிவிட்டோம்.

மறுதரப்பின் வாதம்

எரிவாயு வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி. நிலக்கரியைவிட எரிவாயு குறைவாகப் புகைக்கிறது. யூரியாவுக்கும் அதுதான் மூலப்பொருள். அமெரிக்காவின் லட்சக்கணக்கான கிணறுகளில் பெரும்பாலானவை யாருடைய குடிநீரையும் கெடுத்ததாக நிரூபணமில்லை. இவை எல்லாம் உண்மை.

ஆனால் அந்தக் கிணறுகளில் பெரும்பங்கு, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பரந்த நிலத்தில் இருக்கிறது. வயலுக்கு நடுவே ஊரும், ஊருக்கு நடுவே குளமும், ஊருக்கு ஊர் ஆழ்குழாயுமாக நெருங்கிக் கிடக்கும் டெல்டாவில், நூற்றில் ஒரு கிணற்றின் சிமென்ட் பிசகினாலும் அதைச் சுற்றி ஆயிரம் பேர் தண்ணீர் குடிப்பார்கள். வாயு ஒரு கிணற்றில் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும். உப்பேறிய கடலோர நீரடுக்கு மீண்டும் இனிக்கப் பல தலைமுறை ஆகலாம். இறக்குமதி செய்த எரிவாயுவை வைத்து ஒரு நாடு வாழ்ந்துவிடும். கிராமங்களுக்கெல்லாம் நெம்மேலிபோல ஓர் ஆலை கட்டித் தர எந்த அரசாலும் முடியாது.

செய்ய வேண்டியவை

முதலில், முன்நிலைப் பரிசோதனை. எண்ணெய்க் கிணறு இருக்கும், வரக்கூடிய ஊர்கள் அனைத்திலும் கிணற்று நீரின் மொத்த உப்பு, குளோரைடு, புரோமைடு, பேரியம், மீத்தேன் அளவுகளைக் கோடையிலும் மழை முடிந்த பிறகும் எடுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். டிமாக் மக்களிடம் இல்லாத சான்று நம் மக்கள் கையில் இருக்கட்டும். பக்கத்துக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

இரண்டாவது, இயங்கும், கைவிடப்பட்ட கிணறுகளின் கேசிங், சிமென்ட் சோதனை முடிவுகளும், எந்தக் கிணற்றில் எப்போது நீரியல் விரிசல் செய்யப்பட்டது, என்ன ரசாயனம், கழிவுநீர் எங்கே போயிற்று என்ற விவரமும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியல் வெளியே வராத வரை, வதந்திக்கும் அதிகார மறுப்புக்கும் நடுவில் விவசாயி தவித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, ஆய்வுத் துளைக்கும் மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம் என்பதை மத்திய அரசு மீட்டுத் தர வேண்டும். நான்காவது, வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லையை அரியலூர், ராமநாதபுரம் வரை விரிக்க வேண்டும். கூடவே, திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோர நன்னீர் அடுக்கைக் காக்கும் புதிய நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றும் வேண்டும். வாயுத் துளைக்கு மட்டுமின்றி, தண்ணீர் லாரிக்கும் இறால் குட்டைக்கும் உல்லாச விடுதியின் போருக்கும் அது ஒரே அளவுகோலை வைக்க வேண்டும். துரப்பண இயந்திரத்தை எதிர்த்துவிட்டு, நம் சொந்த மோட்டார் உப்பை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த எதிர்ப்புக்கு மதிப்பில்லை.

நிலத்தடியில் எது முதன்மையான வளம் என்பதை இந்தக் கடலோரத்தின் அனுபவமே முடிவு செய்துவிட்டது. வாயுவுக்கு மாற்று உண்டு: சூரிய ஒளியும் காற்றும் தமிழகத்தில் ஏற்கெனவே மின்சாரம் தருகின்றன. நல்ல தண்ணீருக்கு மாற்று கிடையாது. தோண்ட வருபவர் யாராக இருந்தாலும், தண்ணீர் கெடாது என்பதை அளந்து, எழுதி, பொறுப்பேற்றுக் காட்டட்டும். காட்டும்வரை பூமியைத் தொட அனுமதிக்கக் கூடாது.